ஓணானுக்குக் கொடுத்த முட்டை

பசி எழுப்பித்தான் பரிமளம் கண் விழித்தாள். பங்களாக் குசினிக்குள் இன்னும் வெளிச்சம் வரவில்லை. டோவர் அடுப்பின் வாயில் ஒரேயொரு கங்கு சிவந்து கிடந்தது. கூரைத் தகரத்தில் மழை ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரச்சாக்கின் வாடையும், விறகுப் புகையும், ஓணான் பெட்டிக்குள்ளிருந்து வரும் காய்ந்த மணல் வாடையும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் நின்றன. நேற்று ஒரு முழு முட்டை தின்றிருந்தாள். அதோடு ஒரு ரொட்டி, இரண்டு கோப்பை பாலில்லாத சாயத்தண்ணி. தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் எவர் வயிற்றுக்கும் அவ்வளவு கிடைத்திருக்காது. அப்படியிருந்தும் நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ உள்ளிருந்து நகத்தால் சுரண்டுவதுபோல் வலித்தது.

எழுந்து அடுப்பை ஊதி விறகு வைத்தாள். பெட்டியை அடுப்போரத்திலிருந்து ஜன்னல் பக்கம் மாற்ற வேண்டும். விடிந்ததும் செய்யும் முதல் வேலை அதுதான். குனிந்து இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். முழங்கால் மடங்கியது.

பெட்டி கனத்தது.

பரிமளம் இருபத்திரண்டு வருஷம் தேயிலைக் கொழுந்து சுமந்தவள். தராசில் கூடையை மாட்டுவதற்கு முன்பே இத்தனை இறாத்தல் என்று அவள் முதுகு சொல்லிவிடும். ஈரத்துக்கு, கூடைக்கு என்று கணக்கப்பிள்ளை எத்தனை இறாத்தலை வெட்டிக்கொண்டான் என்பதையும் அதுவே சொல்லும். மணல், கல், மரக்கிளை, உள்ளே கிடக்கும் ஜந்து எல்லாம் சேர்த்து இந்தப் பெட்டி முப்பது இறாத்தல். ஏழு வாரமாகக் காலையும் மாலையும் தூக்குகிறாள். ஒரு அவுன்ஸ் கூடியதில்லை. இன்றைக்கு முப்பத்திரண்டு.

மணலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஈரம் ஏறவில்லை. யாரும் எதையும் உள்ளே வைக்கவும் இல்லை.

கம்பி வலைக்குப் பின்னால் ஓணான் கண்ணை மூடிக் கிடந்தது. ஒன்பது நாளாக அது ஒன்றும் தின்னவில்லை.

அது இந்த ஊர் ஓணான் இல்லை. ஒரு முழ நீளம். தட்டையாக மிதித்துவிட்டதுபோல் உடம்பு, காய்ந்த மண்ணின் நிறம், தொண்டைக்குக் கீழே முள்முள்ளாக ஒரு தாடி. கோபம் வந்தால் தாடி புடைத்துக் கரி பூசியதுபோல் கறுத்துவிடும். பரிமளம் வேலை பார்க்கும் பங்களாவின் துரை கொழும்புப் பறங்கியர். குடும்பத்தில் பாதிப்பேர் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். அங்கிருந்து அவர் தம்பி இரண்டு வருஷத்துக்கு முன் கப்பலில் கொண்டுவந்து கொடுத்த ஜந்து. தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு பலமானதும், துரையும் அந்தப் பக்கம் போய்விடலாமா என்று பார்த்துவர மூன்று மாத லீவில் புறப்பட்டார். போகிற அன்று பெட்டிக்கு முன்னால் பரிமளத்தை நிறுத்தி வைத்துத் தன் தோட்டத் தமிழில் சொன்னார்:

"பிள்ளை மாதிரிப் பாக்கணும், பரிமளம். இது செத்துப் போச்சு, நீ மலைக்குத் திரும்பிப் போச்சு."

அவளுக்கு எழுத்து தெரியாது என்பதால் சுவரில் ஒரு தாள் ஒட்டி, செய்யவேண்டியதையெல்லாம் படமாக வரைந்திருந்தார். ஒரு சூரியன், ஒரு கீரை, ஒரு வெட்டுக்கிளி, நெருப்பில் வாட்டிய கல், ஒரு முட்டை. இரத்தினபுரிப் பக்கத்து ஈரம் அந்த ஜந்துக்கு ஆகாது. கல்லை அடுப்பில் சுட்டுச் சாக்கில் சுற்றி மணலுக்கு அடியில் வைக்க வேண்டும். கல் ஆறுமுன் மாற்ற வேண்டும். முட்டையை அவித்து, பிசைந்து, ஓட்டையும் பொடித்துத் தூவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நிறுத்துப் பார்த்து, படிக்கல்லில் எத்தனை அவுன்ஸோ அத்தனை கோடு தாளில் கிழிக்க வேண்டும். போகும்போது அதன் எடை பதினான்கு அவுன்ஸ். பெல்மதுளையில் தாஸிம் முதலாளியின் கடையிலிருந்து வாரத்துக்கு ஏழு முட்டை, ரொட்டி கொண்டுவரும் பாண்காரர் கையில் வந்து சேரும். ஓணான் கணக்கு.

அந்தப் பஞ்ச வருஷத்தில் ஏழு முட்டை என்றால் சும்மா இல்லை. மலையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அதிலும் பாதிப்பேருக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழுந்தது. கூப்பன் அரிசி இரண்டு நாளுக்குக் காணாது. கோதுமை மா வந்தால் வரிசை, வராவிட்டால் கிழங்கு, கிழங்கும் முடிந்தால் காட்டுக் கீரை. கீழ் லயத்தில் இரண்டு குடும்பம் கதவைச் சாத்திவிட்டு இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் கையேந்தப் போய்விட்டது. பங்களாவுக்கு முட்டை வருவது எல்லாருக்கும் தெரியும். எதற்கு வருகிறது என்பதும் தெரியும்.

"வேலியில போற ஓணான எடுத்து மடியில கட்டிக்கிட்டான்னு சொல்லுவாங்க," என்பான் பங்களாக் காவல்காரன் தங்கையா, குசினி வாசலில் குந்தி பீடி பற்றவைத்துக்கொண்டு. "இங்க ஓணானு நம்ம மடியையில்ல அவுக்குது. அடுத்த பிறவியில நான் இந்த வீட்டு ஓணானாப் பொறக்கணும் புள்ள. நீ எனக்கு ஊட்டிவிடு."

அவளும் சிரிப்பாள். அப்போது சிரிக்க முடிந்தது.

ஓணான் தின்பதை நிறுத்தியது ஒரு வெள்ளிக்கிழமை. பிசைந்த முட்டை தட்டில் அப்படியே கிடந்து மேல்பக்கம் காய்ந்தது. வீணாய்ப் போகக்கூடாது என்று பொழுது சாய எடுத்து அவளே வாயில் போட்டுக்கொண்டாள். மறுநாள் தட்டை வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு எடுத்துத் தின்றாள். மூன்றாம் நாள் தட்டு வைக்கவேயில்லை. முட்டையை அவித்து, அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று, உப்புக்கூட இல்லாமல், மஞ்சள் கரு தொண்டையில் அடைக்க அடைக்க விழுங்கினாள். தங்கையா பார்த்தால் ஓணான் தின்றது என்று நினைக்கட்டும் என்று ஓட்டை மட்டும் பொடித்து மணலில் தூவினாள். யாருமில்லாத வீட்டில் கதவுக்குப் பின்னால் ஏன் நிற்கிறேன் என்று அவளுக்கே விளங்கவில்லை. கால் தானாக அங்கே போய் நின்றது.

நான்காம் நாள் வெள்ளையம்மா வந்தாள்.

பரிமளம் மலையில் இருந்த காலத்தில் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள். புருஷன் மாணிக்கக் குழி வேலைக்கு என்று போய் மாதக்கணக்காக ஆள் திரும்பவில்லை. இடுப்பில் பிள்ளை இருந்தது. சீதாலட்சுமி. இரண்டு வயது தாண்டியும் நடக்கவில்லை. தலை பெரிதாய், கை கால் கொழுந்துக் காம்பாய், அழக்கூடச் சத்தில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கிற பிள்ளை. மருந்துக்கார ஐயா மருந்து கொடுக்கவில்லையாம். முட்டை கொடு, பால் கொடு என்று எழுதிக் கொடுத்திருந்தாராம். அந்தத் துண்டை வெள்ளையம்மா மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். வாசிக்கத் தெரியாத இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"தெனம் ஒண்ணு வேணாங்க அக்கா. ரெண்டு நாளைக்கு ஒண்ணு. அது திங்கிறதுல பாதி குடுத்தாலும் போதும்."

"அது முழுசும் தின்னுருது," என்றாள் பரிமளம். "துரை வந்து நிறுத்துப் பாப்பாரு. கொறஞ்சா என்னய மலைக்கு அனுப்பிருவாரு. உனக்குத் தெரியாததா?"

வாய் அதைச் சொல்லி முடிக்கும்போதே நாக்கின் அடியில் மஞ்சள் கருவின் மாவுத்தன்மை மிச்சமிருந்தது.

பிள்ளை அம்மாவின் இடுப்பிலிருந்து முன்னால் சரிந்தது. சுள்ளிபோல் ஒரு விரலை நீட்டியது. பரிமளத்தின் கடைவாயோரத்தைத் துடைத்தது. துடைத்த விரலைப் பார்த்தது. அதில் மஞ்சளாய் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. விரலை வாய்க்குள் வைத்துச் சப்பியது.

வெள்ளையம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மழை பெய்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் பரிமளம் பிழைத்திருப்பாள்.

"நாளைக்குக் கொண்டாறேன்," என்றாள் பரிமளம், பிள்ளையைப் பார்த்து.

கொண்டுபோகவில்லை. மறுநாள் முட்டையை மடியில் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். பாதி வழியில், தேயிலைக்கு நடுவே, எதிரே பெண்கள் வருகிற சத்தம் கேட்டது. யாராவது மடியில் என்ன என்று கேட்டால்? ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்கு முப்பது பேர் குசினி வாசலில் நிற்பார்களே? அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். நின்ற இடத்திலேயே ஓட்டை உரித்து, குனிந்து, மழைக்குப் போர்த்திய கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டு தின்றாள். நாளைக்கு என்றாள். அதற்கடுத்த நாளும் நாளைக்கு என்றாள்.

பெட்டி கனக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முப்பத்திரண்டு இறாத்தல் கண்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஓணானை இரண்டு கையாலும் எடுத்து மாத் தராசின் தட்டில் வைத்தாள். தட்டு டக்கென்று மேசையில் இடித்தது. பதினான்கு அவுன்சுக்கான படிகளை எதிர்த்தட்டில் வைத்தாள்; அசையவில்லை. இறாத்தல் படி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். மூன்று இறாத்தலில்தான் தட்டு மெல்ல எழும்பியது. தராசு கெட்டுவிட்டது என்று ஓணானை இறக்கிவிட்டு, ஒரு இறாத்தல் உப்புப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு இறாத்தல்தான் காட்டியது.

ஜந்து வளரவில்லை. அதே ஒரு முழம். விலாவெலும்பு தெரிய ஒட்டிய அதே வயிறு.

தாளில் எவ்வளவு கோடு கிழிப்பது என்று தெரியாமல் பென்சிலைப் பிடித்தபடி நின்றாள். பிறகு பதினான்கே கிழித்தாள்.

தங்கையாவைக் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கண்ணே என்றாள். அவன் ஒரே கையால் வாரி எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். ஓணான் அவன் தோளில் துண்டுபோல் தொங்கியது.

"சுருட்டுக் கட்டு கனம்கூட இல்லையே," என்றான். அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீதான் எளைச்சுப் போயிட்ட புள்ள. நீ எளைச்சா எல்லாந்தான் கனக்கும். ஓணானுக்குக் குடுக்கிறதுல ஒரு வாய் நீயும் திங்கிறது. யாரு பாக்கப் போறா?"

அவள் ஓணானை வாங்கிப் பெட்டிக்குள் விட்டாள். ரவிக்கை தோளில் சரிந்து கிடப்பதை அப்போதுதான் கவனித்தாள். இரண்டு வாரத்துக்கு முன்பு அது இறுக்கமாக இருந்தது. நாளுக்கு ஒரு முட்டை தின்கிறவள் அவள். கண்ணாடி பார்க்காமலே கன்னத்தைத் தடவினாள். எலும்பு கையில் தட்டியது.

அந்த வாரம் முழுக்க மழை. பகலிலேயே குசினிக்குள் விளக்கு வேண்டியிருந்தது. சுவரில் பாசி ஏறியது, தீப்பெட்டி நமுத்தது, பாத்திரத்துக்கு அடியில், கதவிடுக்கில், அவள் பாயின் ஓரத்தில் அட்டைகள் வந்து தலைதூக்கித் தேடின. பெட்டிக்குள் மட்டும் காய்ந்த வெப்பம். அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. முதலில் மணல் சரிகிற சத்தம் என்று நினைத்தாள். பிறகு கல் ஆறி விரிசல் விடுகிறது என்று நினைத்தாள். நின்று காது கொடுத்தபோது அது ஒரு ஒழுங்கில் வந்தது: ஒரு இழுப்பு, ஒரு விழுங்கல். ஒரு இழுப்பு, ஒரு விழுங்கல். அவள் வாயில் முட்டையை வைத்தால் சத்தம் வேகமாகும். மென்று முடித்தால் நிற்கும். அவள் வயிற்றில் ஒன்றும் வந்து விழுந்ததாகவே தெரியாது.

நிறுத்தியிருக்கலாம். அதை அவள் பலமுறை நினைத்தாள். அந்த முட்டையைத் தின்னாமல் இருந்திருக்கலாம். பாண்காரரிடம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். முந்நூறு அடி இறங்கினால் லயம். ஆனால் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டதும் அவள் கால் அலமாரிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிடும். வெட்கம் என்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான் வரும். பசிக்கு முன்னால் அது வராது. லயத்தில் பிறந்தவர்கள் யாருக்கும் அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளையம்மா மறுபடி வரவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் பெட்டியை அவளால் தூக்க முடியவில்லை. தரையோடு இழுத்தாள். ஓணானை மட்டும் எடுத்துத் தராசில் வைக்கையில் அதன் தலை அவள் தோளில் சாய்ந்தது. உறங்கிப்போன பிள்ளையின் தலை சாய்வதுபோல, கழுத்தில் உயிரில்லாமல், முழுக் கனத்தோடு. முள் தாடி கழுத்தில் குத்தியது. அதன் வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. ஓணான் வாடையில்லை. புளித்த பால் வாடை.

படிகளை ஒவ்வொன்றாக வைத்தாள். இருந்த படியெல்லாம் போட்டும் தட்டு எழும்பாமல், சர்க்கரைப் பொட்டலத்தையும் உப்புப் பொட்டலத்தையும் தூக்கி வைத்தாள். பதினொரு இறாத்தல்.

பத்து மணிபோல் தங்கையா நனைந்துகொண்டு வந்தான். பீடியைக் காதில் செருகியிருந்தான், பற்றவைக்கவில்லை.

"வெள்ளையம்மா புள்ள போயிருச்சு," என்றான். "விடிய முந்தி. நேத்து மருந்துக்காரய்யா தராசுல போட்டுப் பாத்தாராம். பதினோரு றாத்தலு. ரெண்டு வயசுப் புள்ள அது." பீடியைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி செருகினான். "நீ எறங்கி ஒரு எட்டு பாத்துட்டு வா. ஒன்னா வேல செஞ்சவ."

அடுப்பைப் பார்க்க வேண்டும், கல் ஆறிவிடும் என்றாள் அவள்.

அவன் அவளையே பார்த்தான். "கல்லு," என்றான். போய்விட்டான்.

மதியத்துக்கு மேல் குசினி ஜன்னலில் நின்றபடி அவள் பார்த்தாள். தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் ஆறேழு ஆண்கள் வரிசையாக ஏறினார்கள். பறை இல்லை. முன்னால் போனவன் இரண்டு கையில் ஒரு பழைய சேலைச் சுருளை ஏந்தியிருந்தான். வழுக்கும் இடத்தில் அதை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையால் தேயிலைச் செடியைப் பிடித்தான். ஒரு கையே போதுமாக இருந்தது.

அவள் பின்னால் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எப்போது வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. அதில் ஒரு முட்டை உருண்டு உருண்டு இடித்தது.

அன்றும் தின்றாள். அழுதுகொண்டே தின்றாள்.

கடைசி வாயை விழுங்கும்போது பெட்டிக்குள் சத்தம் நின்றது. திரும்பினாள். ஓணான் வலையில் இரண்டு காலால் நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்தது. பத்தொன்பது நாளில் முதன்முறையாகக் கண் முழுக்கத் திறந்திருந்தது. தாடி புடைத்துக் கறுத்திருந்தது. முன்னங்காலில் ஒன்றைத் தூக்கி மெதுவாக நீட்டியது. வலையின் கண்ணுக்குள் ஒரு விரல் நுழைந்து வெளியே வந்தது. அவள் கடைவாயோரத்தை நோக்கி, காற்றில், எதையோ துடைத்தது. உள்ளே போனது. வாய் மூடியது.

இழுப்பு. விழுங்கல்.

பரிமளம் சுவரோடு ஒட்டினாள். இனி இது இந்த வீட்டில் இருக்கக் கூடாது. துரை அனுப்பினால் அனுப்பட்டும். மலை இருக்கிறது. ஏழாம் நம்பர் மலைக்கு மேலே காடு இருக்கிறது. ஈரத்தில் விட்டால் செத்துப் போகும். சாகட்டும்.

பின்கட்டில் தொங்கிய தன் பழைய கொழுந்துக் கூடையை எடுத்தாள். சாக்கைப் போட்டு அதைப் பிடித்தாள். கடிக்கவில்லை, உதறவில்லை, கையில் தளர்ந்து வந்தது. கூடைக்குள் போட்டுச் சாக்கால் மூடினாள். தலைக்கயிற்றை உச்சியில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

பதினொன்று, என்றது முதுகு.

மழை தூறலாகியிருந்தது. ஐந்து மணிதான் இருக்கும், ஆனால் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறித் தேயிலையைப் பாதிக்கு விழுங்கியிருந்தது. வேலை விட்ட மலையில் ஆள் இல்லை. அவள் காலடியில் சேறு பிதுங்கும் சத்தமும், கூடைக்குள் சாக்கு உரசும் சத்தமும் மட்டும்தான். பங்களா வளைவைத் தாண்டும்போது முதுகு பதினெட்டு என்றது. கங்காணி நிற்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து. அவள் கணக்கெடுக்க விரும்பவில்லை. முதுகு எடுத்தது.

பாதை பிரியும் இடம் வந்தது. மேலே போனால் காடு. கீழே இறங்கினால் லயம். ஒரு அடி மேலே வைத்தாள். தலைக்கயிறு பின்னால் சுண்டி இழுத்தது. கழுத்து நரம்பு தெறித்தது. இன்னொரு அடி. முடியவில்லை. இந்தக் கனத்தோடு ஏற முடியாது. இறங்கத்தான் முடியும். சுமை தூக்கிய எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும்.

கூடையை இறக்கிவிடப் பார்த்தாள். கயிறு நெற்றிச் சதைக்குள் பதிந்திருந்தது. விரல் நுழையவில்லை.

கால் இறங்கியது.

முப்பத்தைந்து. நாற்பது.

சாக்கு நழுவுகிற சத்தம். பின்கழுத்தில் சூடான மூச்சு. புளித்த பால்.

திரும்பிப் பார்க்கவில்லை.

தோளுக்கு மேலாக ஏதோ வந்தது. சின்னது. சில்லிட்டது. ஓணானுக்கு நகம் உண்டு; எட்டு வாரமாக அவள் கை முழுக்க அந்தக் கீறல்தான். இந்த விரலில் நகம் தட்டவில்லை. அது கன்னத்தில் ஊர்ந்தது. கடைவாயைத் தேடியது. கண்டது. துடைத்தது.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தாள்.

லயத்தில் கதவுகள் சாத்தியிருந்தன. குழியை மூடிவிட்டு வந்த ஆண்கள் பீலிக்கரையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் தூரத்தில் கேட்டது. வெள்ளையம்மாவின் ஒற்றையறைக் காம்பிராக் கதவு மட்டும் திறந்திருந்தது. வாசற்படியில் ஒரு குப்பி விளக்கு. அதன் பக்கத்தில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மார்புச் சேலை பால் கட்டி நனைந்திருந்தது.

பரிமளம் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நான்தான் தின்றேன். அந்த இரண்டு சொல் போதும். வரவில்லை.

வெள்ளையம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். எழுந்து வந்தாள். கூடைக்குள் இரண்டு கையையும் விட்டாள்.

"இவ்வளவு நேரமா," என்றாள் மெதுவாக, கூடையிடம். "எங்க வச்சிருந்தீங்க அக்கா இவள? உடம்பெல்லாம் மண்ணு."

ஒரு கையால் தூக்கினாள். லேசாக. தங்கையா தூக்கியதுபோல. படியில் உட்கார்ந்தாள். மடியில் போட்டாள். சேலையை ஒதுக்கினாள்.

குப்பி விளக்கு தெளிவாகவே எரிந்தது. பரிமளத்தால் தவறாகப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. தட்டையான மண்நிற உடம்பு. தொங்கும் வால். கறுத்த தாடி வெள்ளையம்மாவின் மார்பில் அழுந்தியது; முள் குத்திய இடமெல்லாம் இரத்தம் புள்ளி புள்ளியாய்த் துளிர்த்து, நனைந்த தோலில் கோடாக இறங்கியது. வெள்ளையம்மா முகம் சுளிக்கவில்லை. அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். முன்னும் பின்னும் ஆடினாள்.

இழுப்பு. விழுங்கல்.

அதன் கண் மட்டும் மூடவில்லை. குடித்தபடியே பரிமளத்தைப் பார்த்தது.

கூடை காலி. அவள் முதுகு நிமிரவில்லை. நாற்பது இறாத்தலும் அப்படியே இருந்தது.

"பத்தலைங்க அக்கா," என்றாள் வெள்ளையம்மா, தலை நிமிராமல். குரலில் கோபம் இல்லை. "எங்கிட்ட என்ன இருக்கு, வெறும் தண்ணி. நீங்க கொண்டாந்ததக் குடுங்க."

பரிமளம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். வெறும் கை. சேறு. பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும் மடியிலிருந்து ஒரு விரல் நீண்டு, அவள் பக்கம் நீண்டு, அங்கேயே நின்றது.

சீதாலட்சுமிக்கு அவள் கொடுக்க வேண்டியது பத்தொன்பது முட்டை.